மாதிரி விமானங்கள்: பொழுதுபோக்கிலிருந்து தொழில்திறன் வரை

இந்திய விமானப் போக்குவரத்தின் வரலாற்றில் மும்பை மாநகருக்குத் தனி இடம் உண்டு. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், கராச்சியிலிருந்து தபால் பைகளுடன் புறப்பட்ட ஒற்றை எஞ்சின் விமானத்தை ஜே.ஆர்.டி. டாடா அகமதாபாத் வழியாக ஓட்டிவந்து ஜூஹு மைதானத்தில் இறக்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி அத்தபாலை பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். நாட்டின் முறையான விமான சேவைக்கு அதுவே வித்தாயிற்று.

அதே நகரத்தில் இன்று ஒரு மாணவன் தன் கையால் ஒரு கிலோ எடையுள்ள சிறு விமானம் ஒன்றைக் கட்டிப் பறக்கவிட விரும்பினால், அவன் முன் இரண்டு கேள்விகள் எழுகின்றன. அதை எவ்வாறு கட்டுவது என்பது முதற் கேள்வி. அதை எங்கே பறக்கவிடுவது என்பது இரண்டாவது. முதற் கேள்விக்கு விடை காணும் வசதி முன்னெப்போதையும்விட இப்போது பெருகியிருக்கிறது. இரண்டாவதற்கு விடை காண்பதோ ஆண்டுக்கு ஆண்டு கடினமாகி வருகிறது. ஆளில்லா விமானத் துறையைப் பெரும் தொழிலாக வளர்க்க நாடு முயன்றுவரும் இக்காலத்தில், இவ்விரு கேள்விகளையும் சேர்த்தே ஆராய்வது அவசியமாகிறது.

விளையாட்டுப் பொருளில் பிறந்த விஞ்ஞானம்

மாதிரி விமானம் பெரிய விமானத்தின் நகல் என்றே பலரும் எண்ணுகின்றனர். வரலாறு கூறுவது வேறு. பெரிய விமானத்திற்கு முன்னரே மாதிரி விமானம் பறந்துவிட்டது. 1871-இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த அல்ஃபோன்ஸ் பெனோ, முறுக்கிய ரப்பர் நாடாவால் சுழலும் விசிறி கொண்ட சிறு விமானத்தைப் பாரிஸ் நகரத் தோட்டமொன்றில் பறக்கவிட்டுக் காட்டினார். முதன்மை இறக்கைக்குப் பின்னால் ஒரு வால் இறக்கையை அமைத்தால் விமானம் தானாகவே நிலைபெறும் என்பதை அச்சிறு பொருள் மெய்ப்பித்தது. அவருடைய வடிவமைப்பை ஒட்டிச் செய்த பறக்கும் பொம்மை ஒன்றை அமெரிக்காவில் ஒரு தந்தை தம் மக்களுக்கு வாங்கிக் கொடுத்தார். அம்மக்களே பின்னாளில் 1903-இல் முதல் விமானத்தை ஓட்டிய ரைட் சகோதரர்கள் ஆவர். அவர்களும் 1901-இல் சிறிய இறக்கை மாதிரிகளைக் காற்றுச் சுரங்கப் பெட்டியில் வைத்துச் சோதித்த பின்னரே தங்கள் கணக்குகளைத் திருத்திக்கொண்டனர்.

ரேடியோ அலைகளைக் கொண்டு மாதிரி விமானத்தைத் தரையிலிருந்து இயக்கும் முறை 1930-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர்களால் வெற்றிகரமாகச் செயல்பட்டது. அக்காலத்தில் ரிசீவரும் அதற்கான பாட்டரிகளும் கனமானவை. அவற்றைச் சுமக்கவே பெரிய விமானம் தேவைப்பட்டது. டிரான்சிஸ்டர் வந்தபின் கருவிகள் சிறுத்தன. 2000-க்குப் பின்னர் லித்தியம்-பாலிமர் பாட்டரியும், தேய்மானத்துக்கு உள்ளாகும் கார்பன் தூரிகைகள் இல்லாத மின் மோட்டாரும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. அதற்கு முன் இத்துறையில் ஆட்சி செலுத்திய சிறு எஞ்சின்கள் மெத்தனால், நைட்ரோமீத்தேன், விளக்கெண்ணெய் ஆகியவற்றின் கலவையை எரிபொருளாகக் கொண்டவை. உலகின் ஆமணக்கு உற்பத்தியில் பெரும்பங்கு இந்தியாவுடையது என்பதை நினைத்தால், விளக்கெண்ணெய் விமானத்துக்கும் உதவியது சுவையான செய்தியாகும்.

பறக்கும் விதம்

தொடக்கநிலையில் உள்ளவருக்கு ஏற்ற ஒரு மாதிரி விமானத்தை எடுத்துக்கொள்வோம். இறக்கையின் நீளம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 120 செ.மீ. அகலம் 20 செ.மீ. எல்லாக் கருவிகளுடனும் சேர்த்து எடை 1.2 கிலோ. இறக்கையின் பரப்பு 0.24 சதுர மீட்டர் ஆதலால், ஒரு சதுர மீட்டர் இறக்கை 5 கிலோவைத் தாங்க வேண்டும். இவ்விகிதமே மாதிரி விமானத்தின் குணத்தை முதன்மையாகத் தீர்மானிக்கிறது.

இறக்கை தரும் தூக்கு விசை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்வது. மேற்கூறிய விமானம் மணிக்குச் சுமார் 30 கி.மீ. வேகத்துக்குக் கீழே போனால் தூக்கு விசை எடைக்கு ஈடாகாது. விமானம் சரிந்து விழும். ஒட்டுப் பசையும் வண்ணப்பூச்சும் தாராளமாகப் பயன்படுத்தியதால் எடை ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். அப்போது இந்தக் குறைந்தபட்ச வேகம் சுமார் 33 கி.மீ. ஆகிறது. மூன்று கிலோமீட்டர் வித்தியாசம் சிறிதாகத் தோன்றலாம். ஆயின் தரையிறங்கும் தருணத்தில், கற்றுக்கொள்பவரின் விரல்கள் தடுமாறும் அந்த ஓரிரு விநாடிகளில், அந்த வித்தியாசமே விமானம் முழுதாக மிஞ்சுவதையும் நொறுங்குவதையும் முடிவு செய்யக்கூடும்.

அளவு பற்றிய மற்றொரு உண்மையும் உண்டு. ஒரு மாதிரியை எல்லாப் பக்கமும் இருமடங்காகப் பெருக்கினால் இறக்கையின் பரப்பு நான்கு மடங்காகிறது. அதே பொருளால் அதே விகிதத்தில் கட்டினால் எடையோ எட்டு மடங்காகிறது. ஆகவே, சிறியதில் வெற்றி பெற்ற வடிவத்தை அப்படியே பெரிதாக்கினால் வெற்றி கிட்டாது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்து மறந்துவிடும் இவ்விதியை, மாதிரி விமானம் கட்டுபவர் தம் கைப்பொருளை இழந்து நினைவில் நிறுத்திக்கொள்கிறார்.

விமானத்தை இயக்கத் தரையில் நிற்பவரிடம் டிரான்ஸ்மிட்டர் இருக்கும். அதன் இரு கோல்களின் அசைவுகள் ரேடியோ அலைகளாகச் சென்று விமானத்திலுள்ள ரிசீவரை அடைகின்றன. அங்கிருந்து ‘சர்வோ’ எனப்படும் சிறு மோட்டார்கள் ஆணை பெறுகின்றன. வால் இறக்கையின் பின்பகுதியான எலிவேட்டர் அசைந்தால் மூக்கு உயரும் அல்லது தாழும். செங்குத்து வாலிலுள்ள ரட்டர் அசைந்தால் விமானம் இடமோ வலமோ திரும்பும். இறக்கை ஓரங்களிலுள்ள ஐலரான்கள் ஒன்று உயர்ந்து மற்றது தாழ, விமானம் ஒருபுறம் சாயும். நான்காவது ஆணை மோட்டாரின் வேகத்துக்கானது. முன்னர் 27 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் இயங்கிய கருவிகளில், ஒருவர் விமானத்தைப் பறக்கவிடும்போது அதே வரிசையில் வேறொருவர் தம் கருவியை இயக்கிவிட்டால் முதலாமவரின் விமானம் கட்டிழந்து விழும். இப்போது வழக்கிலுள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் ஒவ்வொரு ரிசீவரும் தன் டிரான்ஸ்மிட்டரின் குரலை மட்டுமே அடையாளங்கண்டு ஏற்பதால் அத்தொல்லை பெரும்பாலும் நீங்கிவிட்டது.

கட்டுமானமும் நகரத்தின் கைத்திறனும்

மாதிரி விமானங்களுக்கென நெடுங்காலமாகப் பெயர்பெற்றது பால்சா மரம். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தின் ஒரு கன மீட்டர் சுமார் 160 கிலோ எடையே உள்ளது. நமது தேக்கோ 600 கிலோவுக்கு மேல் இருக்கும். ஆயினும் பால்சா வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பொருள்; விலையும் கூடுதல். அதனால் இன்று தொடக்கநிலையாளர்கள் தெர்மோகோல், நுரைப் பலகை, பெட்டி செய்யும் நெளி பிளாஸ்டிக் தகடு ஆகியவற்றை நாடுகின்றனர். இறக்கையின் முதுகெலும்பாக மூங்கில் சீவலோ மெல்லிய கார்பன் குழாயோ போதுமானது. பொருளுக்கேற்ற பசையைத் தேர்வதும் ஒரு பாடமே. நொடியில் ஒட்டும் பசை தெர்மோகோலை அரித்துவிடும். தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசை அரிப்பதில்லை. ஆனால் உலர ஓர் இரவு வேண்டும்.

மும்பையின் பருவநிலை இக்கலைக்கு இயல்பான கால அட்டவணை ஒன்றை வகுத்துத் தருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அக்காலம் வீட்டில் அமர்ந்து கட்டுவதற்கு உரியது. ஆனால் ஈரக் காற்றில் பால்சா நீரை உறிஞ்சி முறுக்கிக்கொள்ளும். எனவே ஒட்டிய இறக்கையைச் சமதளப் பலகையில் பாரம் வைத்து உலரவிட வேண்டும். ஒரு பக்கத்து இறக்கை சிறிதளவு முறுகியிருந்தாலும் விமானம் ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். மழை ஓய்ந்து குளிர்காலம் வரும்போது பறக்கவிடும் காலம் தொடங்குகிறது. அப்போதும் பிற்பகலில் கடற்காற்று வலுப்பதால், காலை வேளையே புதியவர்களுக்கு ஏற்றது.

மாநகரில் இதற்கான உறுப்புகளும் அறிவும் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. கிராண்ட் ரோடு அருகேயுள்ள லாமிங்டன் சாலையில் மின்னணுப் பொருள்கள் நெருக்கமாக விற்கின்றன. மாட்டுங்காவில் 1923 முதல் இயங்கிவரும் வி.ஜே.டி.ஐ. தொழில்நுட்பக் கல்லூரியும், 1932-இல் நிறுவப்பெற்ற தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளியும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் மாணவர்களைப் பொறியியலின்பால் அனுப்பி வந்துள்ளன. செம்பூரிலும் அத்தகைய படித்த தமிழ்க் குடும்பங்கள் திரளாக வாழ்கின்றன. தாராவியிலோ வேறு வகைச் செல்வம் உள்ளது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்து தோல் தொழிலில் ஊன்றியவர்களின் வழித்தோன்றல்கள், அட்டையில் வெட்டிய அச்சை வைத்துத் தோலைச் சேதாரமின்றி அறுக்கும் கலையில் தேர்ந்தவர்கள். மாதிரி விமானத்தின் இறக்கைக்கு ஒரே அளவான பல விலா எலும்புகளை வெட்டும் வேலைக்கும் அதே அச்சு, அதே கத்தி, அதே சிக்கனம்தான் தேவை. ஒரு பக்கம் கணக்கு அறிந்தவர்களும் மறுபக்கம் கைவேலை அறிந்தவர்களும் சில கிலோமீட்டர் தொலைவில் வாழ்ந்தும், இருசாராரும் ஒரே மேசையில் அமரும் வாய்ப்பு அரிதாகவே அமைகிறது. மாதிரி விமானம் அத்தகைய மேசைகளுள் ஒன்றாக விளங்க முடியும்.

சோதனைப் பறத்தல்

கட்டி முடித்த விமானத்தை முதன்முறை பறக்கவிடுவதே இப்பொழுதுபோக்கின் உரைகல். வாரக்கணக்கான உழைப்பு சில விநாடிகளில் அழியக்கூடிய தருணம் அது. ஆகவே அனுபவமுடையோர் அதனை ஒரு சடங்கைப்போல் வரிசை பிறழாமல் செய்கின்றனர்.

முதலாவது, ஈர்ப்பு மையம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறத்தாழ கால் பங்கு முதல் 30 சதவிகிதம் வரை தள்ளி, அதாவது நாம் கண்ட விமானத்தில் 5 முதல் 6 செ.மீ. பின்னால், இரு விரல் நுனிகளில் தாங்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். மூக்குப் பக்கம் சற்றே கனத்தால் விமானம் மந்தமாகப் பறக்கும். ஆயினும் கட்டுக்குள் இருக்கும். வால் பக்கம் கனத்தால் ஒவ்வொரு சிறு அசைவும் பெருகிக்கொண்டே போய்க் கையை மீறிவிடும். பெரும்பாலும் பாட்டரியை முன்னே தள்ளி வைத்தாலே இக்குறை தீர்ந்துவிடும்.

இரண்டாவது, ஆணைகளின் திசை. கோலை வலப்புறம் தள்ளினால் வலப்புற ஐலரான் மேலே எழ வேண்டும். சர்வோவின் இணைப்பு தலைகீழாக அமைந்திருந்தால் தரையில் அது சிறு பிழை. வானத்தில் அதுவே முடிவு. மூன்றாவது, தொலைவுச் சோதனை. டிரான்ஸ்மிட்டரின் ஆற்றலைக் குறைத்து வைத்துக்கொண்டு பல அடிகள் நடந்து சென்று, ஆணைகள் தடையின்றிச் சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தொடர்பு அறுந்துவிட்டால் மோட்டார் தானாக நிற்கும்படி முன்கூட்டியே அமைத்திருப்பதும் இன்றியமையாதது. நான்காவது, பாட்டரி. லித்தியம்-பாலிமர் அறை ஒன்று முழுக் கொள்ளளவில் 4.2 வோல்ட் காட்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். உப்பிப்போன பாட்டரியைப் பயன்படுத்துவதும், ஆளில்லாத அறையில் மின்னேற்றம் செய்வதும் தீ விபத்துக்கு வழிகோலும். 2,200 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுடைய பாட்டரியிலிருந்து சராசரியாக 13 ஆம்பியர் எடுத்தால் பத்து நிமிடம் பறக்கலாம். ஐந்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக நிறுத்திக்கொள்வது விவேகமாதலால் எட்டாவது நிமிடத்தில் தரையிறங்குதல் நன்று.

இவையெல்லாம் முடிந்தபின் காற்றை எதிர்நோக்கி விமானத்தை எழுப்ப வேண்டும். முதலில் போதிய உயரம் அடைதல்; பின்னர் கோல்களைத் தொடாமலே நேராகப் பறக்கும் வரை சிறு திருத்தங்கள்; அடுத்து அவ்வுயரத்திலேயே வேகத்தை மெல்லக் குறைத்து, எந்நிலையில் விமானம் சரிகிறது, எப்பக்கம் சரிகிறது என அறிந்துகொள்ளல். தரையிறங்கும்போது அது என்ன செய்யும் என்பதை உயரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறை இது. புதியவர்களைப் பெரிதும் ஏமாற்றுவது, விமானம் தம்மை நோக்கி வரும் நேரம். அப்போது அதன் வலம் நமக்கு இடமாகிவிடுகிறது. எப்பக்க இறக்கை தாழ்ந்து தோன்றுகிறதோ அப்பக்கமே கோலைத் தள்ளினால் விமானம் நிமிரும் என்ற எளிய சூத்திரம் பல விமானங்களைக் காத்திருக்கிறது. ஆசிரியர் ஒருவரின் டிரான்ஸ்மிட்டரும் மாணவரின் டிரான்ஸ்மிட்டரும் இணைக்கப்பட்டு, ஆபத்து நேரும்போது ஆசிரியர் பொறுப்பை உடனே தம் கைக்கு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. குருகுலப் பயிற்சி முறையின் சிறப்பை இதில் காணலாம்.

எச்சரிக்கைக்கான காரணம் பொருட்சேதம் மட்டுமன்று. 1.2 கிலோ விமானம் மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் மோதினால், அதே எடையுள்ள கல் ஏறத்தாழ 11 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்ததற்குச் சமமான தாக்கம் உண்டாகும். அதோடு சுழலும் விசிறியின் கூர்மையும் சேர்கிறது. மக்கள் நெருக்கமுள்ள இடத்தில் இது விளையாட்டுப் பொருளன்று.

சட்டமும் நகரத்தின் வானமும்

பறக்கவிடுபவர் அடையும் இன்பம் அவருக்கு மட்டுமே உரியது. விபத்தின் சுமையோ முன்பின் அறியாத வழிப்போக்கர்மீது விழக்கூடும். பொருளாதார நூல்கள் இதனைப் புறவிளைவு என்று குறிப்பிடும். இத்தகைய இடங்களில் அரசு விதி வகுப்பது இயல்பே. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட டிரோன் விதிகள், அதே ஆண்டு மார்ச்சில் வந்த கடுமையான விதிகளுக்குப் பதிலாக அமைந்தன. படிவங்கள் 25-லிருந்து 5 ஆகவும், கட்டண வகைகள் 72-லிருந்து 4 ஆகவும் குறைக்கப்பட்டன. கல்வி, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காக மட்டும், கண்ணுக்கு எட்டிய தொலைவுக்குள் இயக்கப்படும் 25 கிலோவுக்கு மேற்படாத சாதனங்களை அவ்விதிகள் ‘மாதிரி’ என்ற தனி வகுப்பாகவே அங்கீகரித்தன. இவற்றை இயக்க வகைச் சான்று தேவையில்லை. வணிக நோக்கின்றி 2 கிலோ வரையுள்ள சாதனத்தை இயக்குவோருக்கு விமானி உரிமச் சான்றும் தேவையில்லை. பதிவு செய்து அடையாள எண் பெறுவது மட்டும் கடமையாயிற்று.

ஆகவே விமானத்தைப் பொறுத்தவரை சட்டம் தாராளமாகவே உள்ளது. தடையாவது இடம். அவ்விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பகுத்தன. பச்சைப் பகுதியில் 400 அடி உயரம் வரை முன்னனுமதியின்றிப் பறக்கலாம். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கி.மீ. வரை தரையிலிருந்தே மஞ்சள் பகுதி; அங்கே விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்கு மேல் மஞ்சள். சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதியின்றி எதுவும் பறக்க இயலாது.

மும்பையின் வரைபடத்தில் இவ்வட்டங்களை வரைந்து பார்த்தால் நிலைமை விளங்கும். சத்ரபதி சிவாஜி மகாராஜ் பன்னாட்டு விமான நிலையம் நகரின் நடுவே அமைந்திருப்பதால் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்றும் 8 கி.மீ. எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. செம்பூருக்கு அப்பால் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் உள்ளது. இவற்றுடன், பாதுகாப்புக் காரணங்களுக்காக டிரோன்கள், ரேடியோவால் இயங்கும் சிறு விமானங்கள் போன்றவற்றைப் பறக்கவிடுவதைத் தடை செய்து மாநகரக் காவல் துறை அவ்வப்போது ஆணைகள் பிறப்பித்து வந்துள்ளது. 2008-ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தாக்குதலை அனுபவித்த நகரம் எச்சரிக்கையாக இருப்பதில் வியப்பில்லை.

முன்னாட்களில் இத்தகையோர் நகருக்கு வெளியே திறந்த வெளிகளைத் தேடிச் செல்வதே வழியாக இருந்தது. அவ்வெளிகளும் சுருங்கி வருகின்றன. 2025 அக்டோபர் 8-ஆம் நாள் நவி மும்பை விமான நிலையம் திறந்து வைக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் போக்குவரத்தும் தொடங்கியது. அதனால் பன்வெல் சுற்றுவட்டாரமும் இத்தகைய வட்டங்களுக்குள் வந்துவிட்டது. கார் வைத்திருக்கும் குடும்பத்தின் பிள்ளை இன்னும் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போகலாம். விடியற்காலையில் ஒரு மீட்டருக்கு மேற்பட்ட இறக்கையைச் சுமந்துகொண்டு புறநகர் ரயிலேற வேண்டிய தாராவிப் பிள்ளைக்கு, ஒவ்வொரு கிலோமீட்டரும் ஒரு சுவராகிறது. விதி எல்லாருக்கும் ஒன்றே. அதன் சுமை மட்டும் ஒன்றாக இல்லை.

நாட்டுக்கு என்ன பயன்?

இத்துணை இடையூறுகளுக்கிடையே ஒரு பொழுதுபோக்கைப் பேண வேண்டுமா என்று வினவலாம். அண்மைக்கால அனுபவம் தெளிவான விடை தருகிறது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முன்னாள் மாணவர்கள் சிலர் 2007-இல் தொடங்கிய ஐடியாஃபோர்ஜ் நிறுவனம், பாதுகாப்பு ஆராய்ச்சி வளர்ச்சி அமைப்புடன் இணைந்து ‘நேத்ரா’ என்னும் ஆளில்லாக் கண்காணிப்பு விமானத்தை உருவாக்கியது. 2023-இல் அந்நிறுவனம் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. சென்னைக் குரோம்பேட்டையில், அப்துல் கலாம் விமானப் பொறியியல் பயின்ற எம்.ஐ.டி. வளாகத்தில், அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘தக்ஷா’ குழு உருவாயிற்று. மாதிரி விமானம் பறக்கவிடுவதில் நெடுநாள் ஈடுபாடு கொண்ட திரைப்பட நடிகர் அஜித்குமார் 2018-இல் அக்குழுவுக்கு ஆலோசகராக இருந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. பொழுதுபோக்காளரின் கைப்பழக்கமும் கல்விக்கூடத்தின் கணக்கும் ஒன்றையொன்று நாடுவதற்கு இது நல்ல சான்று.

தேவையும் வளர்ந்து வருகிறது. 2020-இல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் கிராமக் குடியிருப்பு நிலங்கள் டிரோன்களால் அளக்கப்பட்டன. 2021-இல் உள்நாட்டு டிரோன் உற்பத்திக்கு 120 கோடி ரூபாய் ஊக்கத் தொகை அறிவிக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் முழு டிரோன்களின் இறக்குமதி, ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகள் நீங்கலாகத் தடை செய்யப்பட்டது, உறுப்புகளுக்குத் தடையில்லை. 2023-இல் 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு வேளாண் டிரோன்கள் வழங்க 1,261 கோடி ரூபாய்த் திட்டம் ஏற்கப்பட்டது. இறக்குமதியைத் தடுத்துவிட்டால் மட்டும் உள்நாட்டுத் தொழில் வளர்ந்துவிடாது. வடிவமைக்கவும், பழுது பார்க்கவும், சோதித்துப் பார்க்கவும் தேர்ந்த கைகள் வேண்டும். அக்கைகள் பட்டமளிப்பு விழாவன்று திடீரெனத் தோன்றுவதில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பசையும் கத்தியும் பிடித்துப் பழகியவையாக இருக்க வேண்டும்.

செய்யத்தக்கவை

பெரும் செலவின்றி மேற்கொள்ளத்தக்க வழிகள் சில உள்ளன. முதலாவது, தொடக்கத்தை ரேடியோ இல்லாமலே அமைத்தல். கையால் எறியும் கிளைடருக்கும், ரப்பர் நாடாவால் இயங்கும் சில கிராம் எடையுள்ள விமானத்துக்கும் பள்ளிக் கூடமே போதுமான வானம். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளிலும் இதனைத் தொடங்கலாம். ஈர்ப்பு மையம், இறக்கைச் சுமை, வாலின் பயன் ஆகிய மூன்று பாடங்களையும் ஒரு தாள் கிளைடரே கற்பித்துவிடும்.

இரண்டாவது, தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு. 1950-இல் அப்பிரிவு தொடங்கியபோது அமைந்த முதல் இரு அணிகளில் ஒன்று பம்பாயில் அமைந்தது. மாதிரி விமானக் கலை அதன் பயிற்சித் திட்டத்திலேயே இடம்பெற்றுள்ளது. கருவிகளும் பயிற்றுநரும் உள்ள அணிகளோடு அருகிலுள்ள சாதாரணப் பள்ளிகளையும் இணைத்தால், சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள ஒரே டிரான்ஸ்மிட்டர் பல மாணவர்களுக்குப் பயன்படும். முதல் விபத்திலேயே குடும்பத்தின் சேமிப்பு நொறுங்கும் அச்சமும் இராது. விமானத்தைத் தொடுமுன் கணிப்பொறித் திரையில் பலமுறை விழுந்து எழுந்து பழகும் வசதியையும் கல்லூரிகள் பகிர்ந்துகொள்ளலாம்.

மூன்றாவதும் முதன்மையானதுமான தேவை, இடம். விமான நிலைய வட்டங்களுக்கு அப்பால், ரயில் நிலையத்திலிருந்து எளிதில் அடையக்கூடிய ஓரிடத்தை, குறித்த நாட்களில் குறித்த நேரத்தில் மாதிரி விமானங்களுக்கென ஒதுக்குவது மாநில அரசும் விமானப் போக்குவரத்துத் துறையும் காவல் துறையும் கூடிப் பேசித் தீர்க்கத்தக்க செய்தியே. அறிந்த இடத்தில், பதிவு செய்த சாதனங்களுடன், பயிற்றுநர் முன்னிலையில் பறப்பவரைக் கண்காணிப்பது எளிது. எங்கும் இடமில்லை என்றாகும்போதுதான் எங்கேனும் மறைவாகப் பறக்கவிடும் எண்ணம் தோன்றுகிறது. ஆகவே ஒதுக்கிய மைதானம் பொழுதுபோக்காளருக்கு மட்டுமன்றிப் பாதுகாப்புக்கும் துணையாகும்.

தாராவியின் மறுசீரமைப்பு, புதிய விமான நிலையம், புதிய சாலைகள் என மாநகரின் நிலவரைபடம் வேகமாக மாறிவரும் காலம் இது. ஓடுபாதைகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் நிலம் ஒதுக்கும் திட்டங்களில், சிறுவர் கைவேலை செய்ய ஒரு கூடமும், அவர்கள் செய்த விமானம் எழுந்து இறங்க ஒரு புல்வெளியும் இடம்பெறுவது அரிய காரியமன்று. அவற்றுக்கு ஆகும் செலவு, நாளை இத்துறைக்குத் தேவைப்படும் வடிவமைப்பாளர்களையும் சோதனையாளர்களையும் வளர்த்தெடுக்க ஆகும் செலவில் ஒரு சிறு பகுதியே ஆகும்.